பைப்பிங் மாடலில் வால்வையும் குழாயையும் இடம் மாற்றுதல்: தொடக்கநிலையினருக்கான செய்முறை

சாதாரண ஆட்டோகேட் வரைபடத்தில் ஒரு வட்டத்தை இழுத்து வேறிடத்தில் வைத்தால் வேலை முடிந்துவிடும். ஆட்டோகேட் பிளான்ட் 3டி போன்ற பைப்பிங் மென்பொருளில் அப்படி முடியாது. அங்கே ஒவ்வொரு வால்வுக்கும் எல்போவுக்கும் (குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு) குழாய்த் துண்டுக்கும் போர்ட் எனப்படும் இணைப்புப் புள்ளிகள் இருக்கின்றன. ஓர் உறுப்பு நகர்ந்தால், அதன் போர்ட்டோடு சேர்ந்திருக்கும் ஏதோ ஒன்று நீளவோ சுருங்கவோ வேண்டும். அப்படி நீண்டு சுருங்கக்கூடியது நேர்க்குழாய் மட்டுமே. எல்போ, டீ (கிளை பிரிக்கும் துண்டு), ரெடியூசர் (அளவைக் குறைக்கும் துண்டு), ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் வளையம்), வால்வு ஆகியவற்றின் நீளத்தைத் தரநிலைகள் ஏற்கெனவே நிர்ணயித்துவிட்டன. ஆகவே, எதை நகர்த்துவதற்கு முன்பும், நகரும் திசையில் எவ்வளவு நேர்க்குழாய் மிச்சமிருக்கிறது என்று கணக்கிட்டுவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு செய்து பார்ப்போம். ஒரு கலனின் நாசிலிலிருந்து (குழாய் இணையும் வாய்) 4 அங்குலக் குழாய் கிடைமட்டமாக வெளிவந்து, எல்போவில் திரும்பி 600 மி.மீ. மேலேறி, இன்னோர் எல்போவில் திரும்பி எக்ஸ் திசையில் ஓடுகிறது. மேல் எல்போவின் மையத்திலிருந்து 900 மி.மீ. தொலைவில் 150 கிளாஸ் (அழுத்தத் தர வகுப்பு) கேட் வால்வு ஒன்று இருக்கிறது. அதன் பிறகு குழாய் மீண்டும் மேலேறிப் பைப் ராக்கை (குழாய்களைத் தாங்கும் சட்டகம்) அடைகிறது. வால்வைக் கலனை நோக்கி 400 மி.மீ. நகர்த்த வேண்டும்; பிறகு, கைச்சக்கரம் எட்டும் உயரத்தில் வரும்படி வால்வு இருக்கும் கிடைமட்டப் பகுதியைக் கீழிறக்க வேண்டும்.

முதல் படி: தயாரிப்பு

கோப்பின் நகல் ஒன்றைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஆப்ஜெக்ட் ஸ்னாப் அமைப்பில் 'நோட்' ஸ்னாப்பை இயக்குங்கள், ஏனெனில் போர்ட் புள்ளிகளை அதுதான் பிடிக்கும். 'நியரஸ்ட்' ஸ்னாப்பை அணைத்துவிடுவது நல்லது. குழாயின் மேற்பரப்பில் ஏதோ ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, திரையில் சரியாகத் தெரியும் தவற்றை அது உண்டாக்கும். யூசிஎஸ் (வரைபடத்தின் அச்சு அமைப்பு) 'வேர்ல்டு' நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். @ குறியோடு நீங்கள் தரும் அளவுகள் அப்போதைய யூசிஎஸ்-இன் திசைகளில்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

இரண்டாம் படி: இடக் கணக்கு

பெரும்பாலான தொடக்கநிலையினர் தாண்டிச் செல்வது இந்தப் படியைத்தான். 4 அங்குல, 150 கிளாஸ் கேட் வால்வின் ஒரு முனை முகத்திலிருந்து மறுமுனை முகம் வரை 229 மி.மீ. இரு பக்கமும் வெல்டு நெக் ஃபிளாஞ்ச் (குழாயோடு வெல்டு செய்யப்படும் வகை) தலா 76, கேஸ்கட் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) தலா 3 என்று கொண்டால், வால்வுத் தொகுதியின் மொத்த நீளம் 387 மி.மீ. ஆகிறது. லாங் ரேடியஸ் எல்போவின் மையத்திலிருந்து முனை வரை 152 மி.மீ. எனவே எல்போ மையத்திற்கும் வால்வு மையத்திற்கும் இடையே, நடுவில் குழாயே இல்லாவிட்டாலும், 345.5 மி.மீ. (தொகுதியின் பாதி 193.5 + 152) தேவை. வால்வை 400 மி.மீ. நகர்த்தினால் இடைவெளி 500 ஆகும், 154.5 மி.மீ. குழாய் மிஞ்சும். 500 மி.மீ. நகர்த்தியிருந்தால் 54.5 மட்டுமே மிஞ்சியிருக்கும். இரண்டு வெல்டுகளுக்கு இடையே எவ்வளவு குறைந்தபட்ச இடைவெளி வேண்டும் என்பதைத் திட்டத்தின் விதிகள் சொல்லும். மென்பொருள் தானாகச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாம் படி: வால்வை நகர்த்துதல்

வால்வோடு அதன் இரு ஃபிளாஞ்சுகளையும், கேஸ்கட், போல்ட் இணைப்புகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். 'மூவ்' கட்டளையைக் கொடுத்து, வால்வின் ஒரு முனைப் போர்ட்டை அடிப்புள்ளியாக எடுத்து, @-400,0,0 என்று தட்டச்சு செய்யுங்கள். வால்வின் மீது தெரியும் கிரிப்பைப் பிடித்து இழுத்தும் இதைச் செய்யலாம், ஆனால் கண்மதிப்பில் இழுத்து விடுவது அளவு முக்கியமான வேலைக்கு ஏற்றதல்ல. நகர்த்தியதும் எல்போப் பக்கக் குழாய் சுருங்கி, மறுபக்கக் குழாய் அதே அளவு நீண்டிருக்க வேண்டும். இரண்டையும் சொடுக்கி, பண்புகள் பலகத்தில் நீளத்தைப் படித்துப் பாருங்கள்.

நான்காம் படி: கிடைமட்டப் பகுதியைக் கீழிறக்குதல்

300 மி.மீ. இறக்கலாமா? மேலேறும் 600 மி.மீ. கால், இரு எல்போ மையங்களுக்கு இடைப்பட்ட அளவு. அதில் எல்போக்கள் இரண்டும் சேர்ந்து 304.8 மி.மீ. (துல்லியமாகத் தலா 152.4; மேலே 152 என்று கொண்டோம்) எடுத்துக்கொள்ள, மிஞ்சும் நேர்க்குழாய் 295.2 மி.மீ. மட்டுமே. 300 இறக்கினால் எல்போக்கள் 4.8 மி.மீ. ஒன்றுக்குள் ஒன்று நுழைய வேண்டும். அது நடவாது, இணைப்பு துண்டிக்கப்படும். வெறும் 4.8 மி.மீ. என்பதால் திரையைப் பெரிதாக்கிப் பார்க்காதவருக்கு எல்லாம் பொருந்தியதாகவே தோன்றும். 200 மி.மீ. இறக்கினால் 95.2 மி.மீ. குழாய் மிஞ்சுகிறது. அதற்கு மேல் இறக்கியே ஆக வேண்டுமென்றால், 45 பாகை எல்போக்களைக் கொண்டு பாதையையே மாற்றியமைப்பதுதான் முறை.

மேல் எல்போ முதல், ராக்கை நோக்கி ஏறும் காலின் கீழ் எல்போ வரை, கிடைமட்டப் பகுதி முழுவதையும் தேர்ந்தெடுங்கள். செங்குத்துக் குழாய்கள் இரண்டையும் விட்டுவிடுங்கள். 'மூவ்' கொடுத்து @0,0,-200 என்று இடுங்கள். கலன் பக்கக் கால் சுருங்கும், ராக் பக்கக் கால் நீளும். நாசிலும் ராக் மட்டமும் அசையக்கூடாது. அசைந்திருந்தால் உடனே கண்ட்ரோல்+இசட் அழுத்திவிட்டு, தேர்வைச் சரிசெய்து மீண்டும் செய்யுங்கள்.

ஐந்தாம் படி: கைச்சக்கரத்தைத் திருப்புதல்

வால்வைக் குழாயின் அச்சைச் சுற்றித் திருப்பும்போது கோணத்தை விருப்பம்போல் வைக்க முடியாது. 4 அங்குல, 150 கிளாஸ் ஃபிளாஞ்சில் 8 போல்ட் துளைகள் உள்ளன. எனவே 45 பாகையின் மடங்குகளில் திருப்பினால்தான் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தும். அதே கிளாஸில் 3 அங்குல ஃபிளாஞ்சுக்கு 4 துளைகளே இருப்பதால், அங்கே 90 பாகை. 30 பாகை திருப்பினாலும் மாடலில் அழகாகத்தான் தெரியும், களத்தில் போல்ட் ஏறாது. செக் வால்வு, குளோப் வால்வு போன்றவற்றில் பாய்வுத் திசையும் தலைகீழாகிவிடவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆறாம் படி: சரிபார்ப்பு

துண்டிப்புக் குறியீடுகளைத் திரையில் தெரியச் செய்து, பாதை முழுவதையும் ஒரு முறை பின்தொடருங்கள். தாங்கிகள் குழாயோடு சேர்ந்து இறங்கியிருக்கும் என்று கொள்ளாமல் தனியே பாருங்கள். தாங்கியின் மட்டம் குழாயின் அடிப்பகுதியைப் பொறுத்தது, மையக்கோட்டை அல்ல. 4 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 114.3 மி.மீ. என்பதால் இரண்டுக்கும் வேறுபாடு 57.15 மி.மீ. பிறகு அந்தப் பாதையின் ஐசோமெட்ரிக் வரைபடத்தை (குழாய்ப் பாதையை அளவுகளோடும் துண்டுப் பட்டியலோடும் காட்டும் வரைபடம்) புதிதாக உருவாக்கி, கலன் பக்கச் செங்குத்துக் குழாயின் வெட்டு நீளத்தைப் பாருங்கள். 95 மி.மீ. அளவில் ஒரு துண்டு பட்டியலில் வந்திருக்க வேண்டும். அங்கே 295 என்றே இருந்தால், நீங்கள் பார்ப்பது பழைய வரைபடம்.