ஒரு இன்ச்சுக்கு ஒரு மில்லி: எச்டிபி வீட்டுல ப்ரோ ஸ்ட்ரீட் பிக்கப் கட்டுறது எப்படி

ப்ரோ ஸ்ட்ரீட்னா ரேஸ் வண்டி மாதிரி ரொம்ப அகலமான பின் டயர பாடிக்குள்ளயே அடக்கி கட்டுற ரோட்டு வண்டி, அதை சின்ன பிளாஸ்டிக் மாடலா கட்டுறதுதான் நம்ம வேலை. 1/25 ஸ்கேல் மாடல் கிட்டுல பெரிய சௌகரியமே கணக்குதான். நெசமான வண்டியில ஒரு இன்ச்சுன்னா நம்ம மேசையில 1.016 மில்லி, கிட்டத்தட்ட ஒரு மில்லின்னே வச்சுக்கலாம். 31 இன்ச் டயரா, 31.5 மில்லி. 2க்கு 3 இன்ச் பைப்பா, 2க்கு 3 மில்லி குச்சி. 1/24 வாங்கிட்டா இந்த சொகம் போச்சு, ஒவ்வொண்ணுக்கும் ஃபோன எடுத்து கணக்கு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கணும்.

என் மச்சான் வீட்டுக்கு வர்றப்ப எல்லாம் ஒரே கேள்விதான், "நெசமான வண்டியில பண்ண வேண்டியதுதானே, என்ன இது சின்னப்புள்ள மாதிரி". நம்ம சிங்கப்பூர்ல ஒரு வண்டி ரோட்டுக்கு வரணும்னா சிஓஇ, அதாவது வண்டி வச்சுக்கிற உரிமம், போடணும், அதுவும் பத்து வருஷத்துக்குத்தான், இதுல சேஸ, அதாவது வண்டியோட அடிச்சட்டத்த, பாதியில அறுத்துட்டு வேற சேஸ வெல்டு பண்ணி எல்டிஏங்கிற போக்குவரத்து ஆணையத்தோட இன்ஸ்பெக்‌ஷனுக்கு கொண்டு போனா என்ன ஆகும்னு அவனே யோசிச்சுக்கட்டும். டயர் பாடிக்கு வெளிய நீட்டக்கூடாதுங்கிற ரூலும் இருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா அந்த ஒரு ரூல மட்டும் ப்ரோ ஸ்ட்ரீட் வண்டி ஒழுங்கா மதிக்கும். அகல டயர வெளிய தள்ளி நிறுத்துறது யாரு வேணா பண்ணலாம், உள்ள தள்ளி நிறுத்துறதுதான் ப்ரோ ஸ்ட்ரீட்.

பேரு எங்கருந்து வந்துச்சுன்னா அமெரிக்காவுல என்எச்ஆர்ஏங்கிற ரேஸ் சங்கம் 1970ல ப்ரோ ஸ்டாக்னு ஒரு ட்ராக் (drag) ரேஸ், அதாவது நேர்கோட்டுல ஓடுற ரேஸ், கிளாஸ் ஆரம்பிச்சாங்க, அந்த வண்டிங்களோட பின்பக்கத்த பாத்து மயங்கினவங்க அதே மாதிரி ரோட்டுல ஓட்டணும்னு 70கள் கடைசியிலயும் 80கள்லயும் கட்டினதுதான் இது. மொதல்ல கார்தான், அப்புறம் பிக்கப்பும் வந்துச்சு. என்னைக் கேட்டா பிக்கப்தான் இதுக்கு பொருத்தம், ஏன்னா கார்ல பின்சீட்ட தூக்கி எறியணும், பிக்கப்புல பின்னாடி சாமான் ஏத்துற தொட்டிய மட்டும் வெட்டினா போதும், உள்ள செஞ்ச வேலையும் மேலருந்து அப்படியே தெரியும்.

கிட் வாங்குறப்ப ரெண்டு விஷயம். தொட்டி ஃப்ளீட்சைடா இருக்கட்டும், அதாவது பக்கம் நேரா வழவழன்னு வர்றது. ஸ்டெப்சைடுல ஃபெண்டர் (சக்கரத்து மேல வர்ற மூடி) வெளிய தனியா தொங்கும், தொட்டி சுவர் சரியா டயர் வர்ற எடத்துலயே நிக்கும், மொதல் தடவைக்கு அது வேணாம். ரெண்டாவது, ஷார்ட் பெட், அதாவது குட்டைத் தொட்டி, எடுங்க. 1967லருந்து 72 வரைக்கும் வந்த செவ்ரோலே (சுருக்கமா செவி) சி10ல ஷார்ட்டுக்கு வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல தூரம், 115 இன்ச், லாங்குக்கு 127. லாங் கிட்தான் கிடைச்சுதுன்னா வீல்பேஸ்ல 12 மில்லி குறைக்கணும், பண்ண முடியாததில்ல, ஆனா தொட்டியையும் வெட்டி ஒட்டணும், ஒட்டின கோடு பெயிண்டுக்கு அடியில தெரியாம இருக்க ஒரு வாரம் தேய்க்கணும். கிட் கம்பெனிங்கள்ல ஏஎம்டி செவி கொண்டு வருது, மோபியஸ் ஃபோர்டு எஃப்-100 கொண்டு வருது. நான் சன்ஷைன் பிளாசா பக்கம் ஒரு ரவுண்டு போவேன், கிடைக்கலன்னா பழைய சாமான் விக்கிற கரோசெல் ஆப்புல பழைய கிட் பாப்பேன், பாதி ஒட்டிட்டு அலுத்துப்போய் விக்கிறவங்க நெறைய பேரு, நாம எப்படியும் பாதிய வெட்டி எறியத்தானே போறோம். ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டும் குச்சியும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ்ல கிடைக்கும், ஆர்க்கிடெக்சர் படிக்கிற பசங்க வாங்குற அதே சாமான்தான்.

இப்ப முக்கியமான எடம். நெறைய பேரு சேஸ மொதல்ல ஒட்டிட்டு, ஆக்ஸில மாட்டிட்டு, கடைசியில அகல டயர எடுத்து வச்சுப் பாப்பாங்க, அது ரெண்டு பக்கமும் நண்டு மாதிரி வெளிய வந்து நிக்கும். நானும் மொதல் வண்டியில அதைத்தான் பண்ணேன். டயர்தான் மொதல்ல, மத்ததெல்லாம் அதுக்கு ஒதுங்கி வழி விடணும். கிட்டுல இருக்கிற பாடிய மாஸ்கிங் டேப்பால தற்காலிகமா சேத்து, மேசையில அது நிக்கப்போற உசரத்துல நிறுத்துங்க. உசரத்துக்கு நான் செத்துப்போன ஈஸிலிங்க் பஸ் கார்டுங்கள அடுக்கி வைப்பேன், ஒரு கார்டோட தடிமன் முக்கா மில்லிக்கு கொஞ்சம் மேல இருக்கும், ஒண்ணு எடுத்து ஒண்ணு வச்சு பாத்துக்கிட்டே இருக்கலாம். முன்னாடி தாழ்ந்து, பின்னாடி டயரோட உச்சி ஃபெண்டர் ஒதட்டுக்குள்ள கொஞ்சம் மறையணும். டயர ப்ளூ டேக் (பிசைஞ்சு ஒட்டுற பசை) வச்சு அந்த எடத்துல நிறுத்திட்டு ஒரு கோப்பி குடிச்சிட்டு வந்து பாருங்க. அப்பவும் புடிச்சிருந்தாத்தான் அளவு எடுக்கணும்.

அளவு இப்படித்தான். வீல் ஓட்டை பக்கத்துல பாடி அகலம் 79 மில்லின்னு வைங்க, பெரிய பிக்கப் எல்லாம் சுமாரா அந்த அளவுதான், உங்க கிட்டோட அளவ வெர்னியர்ல அளந்துக்கங்க. டயர் ஒதட்டுக்கு உள்ள ரெண்டரை மில்லி தள்ளி நிக்கணும், ரெண்டு பக்கமும் கழிச்சா 74. ப்ரோ ஸ்ட்ரீட்ல ரொம்ப புழங்கின சைஸ் 31க்கு 18.5, ரிம் 15. அகலம் 18.5 இன்ச்னா 18.8 மில்லி, ரெண்டு டயருக்கு 37.6. மிச்சம் 36.4 மில்லி. டயருக்கும் டப்புக்கும் (டயர மூடி தொட்டிக்குள்ள நிக்கிற வளைஞ்ச கூடு) நடுவுல ஒவ்வொரு பக்கமும் ரெண்டு மில்லி இடைவெளி, டப் ஷீட் அரை மில்லி, அதையும் கழிச்சா 31.4. ஆக சேஸோட வெளி அகலம் 30 மில்லிக்கு மேல போகக்கூடாது. கிட்டோட சேஸ இப்ப அளந்து பாருங்க, அது அதுக்குள்ள அடங்காது. அதனாலதான் நெசமான வண்டியிலயும் கேபினுக்குப் பின்னாடி சேஸ அறுத்துட்டு குறுகலா புதுசா ஒண்ணு கட்டுறாங்க, அதுக்கு பேக் ஹாஃப்னு பேரு, 2க்கு 3 இன்ச் செவ்வக பைப்புலதான் பெரும்பாலும் பண்ணுவாங்க.

நமக்கு 2க்கு 3 மில்லி ஸ்டைரீன் குச்சி. கேபின் முடியற எடத்துல கிட் சேஸ ரம்பத்தால அறுங்க, குறுக்க ஒரு குச்சி போட்டு அதுலருந்து புது ரெயில் ரெண்டும் உள்ள தள்ளி பின்னாடி போகட்டும், ஆக்ஸில் மேல வில்லு மாதிரி ஏறி எறங்கணும், இல்லன்னா வண்டி தாழாது. வளைக்க வேணாம், 45 டிகிரியில வெட்டி வெட்டி ஒட்டுங்க, நெசத்துலயும் அப்படித்தான் வெல்டு பண்ணுவாங்க. கிராஃப் பேப்பர பலகையில ஒட்டி அதுமேல வச்சு ஒட்டினா கோணாது. என் தங்கச்சி பையனோட லேகோ கட்டைங்க ரெண்ட நான் இன்னும் திருப்பிக் குடுக்கல, 90 டிகிரிக்கு அத விட நம்பிக்கையான சாமான் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஒட்டினதும் ராத்திரி முழுக்க விட்டுடுங்க, எக்ஸ்ட்ரா தின் பசை சீக்கிரம் காஞ்ச மாதிரி நடிக்கும்.

டப் செய்யறது எனக்கு ரொம்ப புடிச்ச வேலை. ஹார்ட்வேர் கடையில ஒரு இன்ச் பிவிசி பைப் துண்டு ஒண்ணு வாங்குங்க, பேருதான் ஒரு இன்ச்சு, வெளி விட்டம் 33 மில்லி சொச்சம். அரை மில்லி ஷீட்ட 22 மில்லி அகலத்துக்கு பட்டையா வெட்டி அந்த பைப்ப சுத்தி இறுக்கமா டேப் போட்டு, சிங்க்ல நிறுத்தி கெட்டில்ல கொதிச்ச தண்ணிய மெதுவா ஊத்துங்க, அரை நிமிஷம், உடனே பச்சத்தண்ணி. டேப்ப பிரிச்சா பட்டை லேசா விரியும், 35 மில்லிக்கு வந்து நிக்கும், 31.5 டயருக்கு சுத்தி கொஞ்சம் எடம் விட்டு சரியா உக்காரும். பைப்போட அளவுலயே நிக்கும்னு நெனச்சு பெரிய பைப் எடுத்துடாதீங்க, நான் எடுத்து ரெண்டு ஷீட் வேஸ்ட்டு. பாதி வட்டத்த விட கொஞ்சம் கூடவே வெட்டிக்கங்க, உள்பக்கத்துக்கு ஒரு தட்டு ஷீட்ட ஒட்டிட்டு காஞ்சப்புறம் ஓரத்த தேய்ங்க. தொட்டிக்குள்ள கிட்டோடவே வர்ற சின்ன வீல் பெட்டிய முழுசா வெட்டி எடுத்துடுங்க, தொட்டிப் பக்கத்தோட உள்சுவரும் தடிமனா இருக்கும், அதையும் பென் நைஃபால சுரண்டி மெலிசாக்கணும், அந்த ஒரு மில்லிக்காகத்தான் டயர் ஒதட்டுல முட்டும்.

ஆக்ஸிலுக்கு ஃபோர்டு 9 இன்ச்தான் எல்லாரும் போடுறது, 1957லருந்து வந்தது, உள்ள இருக்கிற ரிங் கியர் விட்டம் 9 இன்ச், அதான் பேரு. ஹவுசிங்க, அதாவது ஆக்ஸிலோட வெளிக்கூட்ட, ரெண்டு பக்கமும் அறுத்து குட்டையாக்கணும். எவ்வளவுன்னா, ரிம் ஆழமா வெளிய குழிஞ்சு இருக்கிறதால வீல் மாட்டுற எடம் டயரோட உள்விளிம்புலருந்து ஒரு 7 மில்லிதான் வெளிய வரும், அப்ப 36.4 கூட 14 சேத்தா 50 மில்லி, இந்த முனைலருந்து அந்த முனைக்கு. 3 மில்லி ராடு போதும். கிட்டுல பட்டை ஸ்ப்ரிங் வந்தா அத மறந்துடுங்க, அது சேஸுக்கு வெளிய டயரோட எடத்துலதான் உக்காரும். லேடர் பார் (ஆக்ஸில சேஸோட புடிச்சு நிறுத்துற ஏணி மாதிரி கம்பி) போடுங்க, நெசத்துல 32 இன்ச் நீளந்தான் சாதாரணமா வரும், அதனால 32 மில்லி. காயில் ஸ்ப்ரிங்குக்கு கெட்டுப்போன இயர்ஃபோன் வயருக்குள்ள இருக்கிற செப்புக் கம்பிய ஒன்றரை மில்லி ராடுல சுத்திக்கலாம், ஆனா ரொம்ப மெலிசா இருந்தா ரெண்டு மூணு இழைய முறுக்கிக்கங்க.

அகல டயர் தனியா கிடைக்கலன்னா ரெண்டு டயர வெட்டி ஒட்டலாம், ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்க சுவர நறுக்கிட்டு வெட்டின வாய சூப்பர் க்ளூவால சேத்து டயர் பட்டன் மேல, அதாவது தரையில படுற பரப்புல, உப்புத்தாள் போட்டா கோடு மறைஞ்சிடும், பர்ன் அவுட் பண்ண டயர் மாதிரி அழகாவும் இருக்கும். ரிம்ம அகலமாக்க 5/8 இன்ச் அலுமினியம் டியூப், வெளி விட்டம் 15.9 மில்லி, அத வளையமா வெட்டி கிட் ரிம்முக்கு முன்னாடி மாட்டுனா அந்த ஆழமான குழி வந்துடும். ஒரு எச்சரிக்கை: பழைய கிட்டுல வர்ற மெத்துன்னு இருக்கிற வினைல் டயர் நேரா ஸ்டைரீன் மேல பட்டுக்கிட்டு இருந்தா கொஞ்ச வருஷத்துல பிளாஸ்டிக்க உருக்கிடும். ரிம்முல டயர் படுற எடத்துல அலுமினியம் ஃபாயில சுத்திடுங்க. அலமாரியில வச்ச என் வண்டி ஒண்ணு அப்படித்தான் வீலோட ஒட்டிக்கிச்சு.

இன்ஜினப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, கிட்டுல வர்ற வி8 மேல 6-71 ப்ளோவர் (இன்ஜினுக்குள்ள காத்த அமுக்கித் தள்ளுற மெஷின்) ஒண்ணு உக்கார வச்சு பானெட்ட வெட்டி வெளிய விடுங்க. 6-71ங்கிறது லாரி டீசல் இன்ஜின்லருந்து வந்த பேரு, 6 சிலிண்டர், ஒவ்வொண்ணும் 71 கன இன்ச்.

பெயிண்ட்டுதான் நம்ம ஊருல ஆள அழ வைக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம், சாயங்காலம் நாலரை மணி, லீவு எடுத்தது வீணாப் போகக்கூடாதுன்னு கருநீலம் அடிச்சேன், வெளிய இடி இடிச்சுக்கிட்டு இருக்கு, அஞ்சு நிமிஷத்துல பானெட்டு மேல பால் ஊத்துன மாதிரி வெள்ளையா படர்ந்துச்சு. லாக்கர் பெயிண்ட்டுல தின்னர் வேகமா ஆவியாகுறப்ப மேல்பரப்பு சில்லுன்னு ஆயிடும், காத்துல இருக்கிற ஈரம் அதுல வந்து படிஞ்சு வெளுத்துடும். விடியக்காலையில நம்ம ஊரு காத்துல ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல, மழை இல்லாத மத்தியானத்துல 60க்கு கிட்ட எறங்கும், அதனால வெயில் அடிக்கிற நாள்ல ஒரு மணிக்கும் மூணு மணிக்கும் நடுவுல அடிங்க. கேன கை பொறுக்கிற சூட்டுல இருக்கிற தண்ணியில கொஞ்ச நேரம் வச்சுட்டு அடிச்சா தூவல் மெலிசா வரும். மெலிசா மூணு தடவை அடிங்க, ஒரே தடவையில தடிமனா வேணாம். வெளுத்துப் போச்சுன்னா பதறி தேய்க்காதீங்க, காய விட்டு நல்ல வெயில் நாள்ல அதே கலர இன்னொரு தடவை லேசா தூவுனா பெரும்பாலும் திரும்பிடும், என்னோடது திரும்புச்சு. காய வைக்க கேமரா வைக்கிற ட்ரை கேபினெட் இருந்தா அதுல வைங்க, தூசியும் படியாது. மாஸ்க் கட்டாயம். காரிடார்ல அடிக்காதீங்க, பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) துணி காயப்போட்டிருந்தாங்க, நான் அட்டைப்பெட்டிக்கு உள்ள வச்சுத்தான் அடிச்சேன், இருந்தாலும் மூக்கப் பிடிச்சுக்கிட்டு ஒரு பார்வை பாத்தாங்க, மறுநாள் முறுக்கு குடுத்து சமாளிச்சேன். இப்ப சமையக்கட்டு சன்னல்ல ஃபேன வெளிய பாத்து திருப்பி வச்சு அட்டைப்பெட்டிக்குள்ளதான் அடிக்கிறேன்.

எல்லாம் காஞ்சப்புறம் சேர்க்கிறப்ப டயர கடைசியா மாட்டுங்க, பசை போடாம. மாட்டிட்டு பின்னாடி நின்னு தரை மட்டத்துக்கு கண்ண கொண்டு போய் பாத்தா ரெண்டு பக்கமும் ஒதடு ஒரே அளவா தெரியணும், அரை மில்லி கோணினாலும் கண்ணுக்கு குத்தும், ஹவுசிங்க ஒரு பக்கம் கொஞ்சமா தேய்ச்சா சரியாயிடும்.

கடைசியா டெயில்கேட்டுல ஒரு சின்ன வட்டம் பிரிண்ட் பண்ணி ஒட்டினேன், நம்ம ஊரு பிக்கப்புல இருக்குமே, 70 கிமீ வேக வரம்பு ஸ்டிக்கர். ப்ளோவர் வச்ச வண்டிக்கு. மச்சான் அத பாத்துட்டு ரொம்ப நேரம் சிரிச்சான், அப்புறம் பின்னாடி எத்தன பேரு உக்காரலாம்னு எழுதலையேன்னான். தொட்டிக்குள்ள பாரு, உக்கார எங்க எடம் இருக்குன்னேன்.