போர் மோட்டாரில் உப்பு அடைத்தால்: எந்த ஆசிட், எவ்வளவு, எவ்வளவு நேரம்

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் நூலாக வருகிறதா? ராமநாதபுரம் கடலோரத்து மண்டபம், உச்சிப்புளி, தேவிபட்டினம் பக்கத்து உப்புத்தண்ணி போர் என்றால் முதலில் படிவைப் பாருங்கள். ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மோட்டாரை மேலே தூக்குங்கள்.

பம்ப் தண்ணீர் உறிஞ்சும் ஜல்லடையில் படிவின் ஒரு சில்லைப் பெயர்த்து முகர்ந்து பாருங்கள். கறுப்பாக, அழுகிய முட்டை வாடை அடித்தால் இரும்பு சல்ஃபைடு. ஆசிட் பட்டால் விஷவாயு வரும், அதோடு நிறுத்திவிடுங்கள். வாடை இல்லையா, பொடித்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, நுரைக்காத செம்பழுப்பு என்றால் இரும்புத் துரு.

பம்ப் உறிஞ்சும் இடத்தில் அழுத்தம் குறைந்ததும் தண்ணீரில் கரைந்த கரியமில வாயு பிரிகிறது, சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. பூமிக்கடியிலிருந்து சுடுநீர் எடுக்கும் புவிவெப்பக் கிணறுகளில் அழுத்தத்தோடு சூடும் இறங்குவதால் உலோகமும் படியும். கலிஃபோர்னியாவின் சால்டன் ஏரிப் பக்கம் 1960களில் ஒரு கிணற்றுக் குழாயில் செம்பும் வெள்ளியும் செறிந்த படிவே கிடைத்தது. நமக்கு அந்த யோகம் இல்லை.

இனி ஆசிட். எல்லோரும் சறுக்குவது இங்கேதான். சுண்ணாம்புக்கு எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) போட்டால் முதலில் நன்றாக நுரைக்கும். பிறகு கால்சியம் சிட்ரேட் வெள்ளை மாவாக இறங்கி, பம்புக்குள் சுழலும் இம்பெல்லரின் இடுக்கை மறுபடி அடைக்கும். சுண்ணாம்புக்கு சல்ஃபாமிக் ஆசிட்தான் சரி. பிளாஸ்டிக் வாளியில் 20 லிட்டர் தண்ணீர், அதில் ஒரு கிலோ. தண்ணீரில்தான் ஆசிட்டைப் போட வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். பம்ப் பகுதி மட்டும் மூழ்கட்டும். மோட்டாரும் கேபிள் ஜாயிண்டும் வெளியே இருக்கட்டும். ஒரு கிலோ, அரைக் கிலோ சுண்ணாம்பைத்தான் கரைக்கும். நுரை நின்றும் படிவு மிச்சமிருந்தால் கரைசல் தீர்ந்துவிட்டது, புதிதாகக் கலக்குங்கள்.

சுண்ணாம்பு போனபின் துரு மிச்சமிருந்தால், நன்றாக அலசிவிட்டு, அதே அளவில் எலுமிச்சை உப்பில் ஓர் இரவு ஊறவிடுங்கள்.

பாத்ரூம் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக்) மலிவுதான், ஆனால் வேண்டவே வேண்டாம். அதிலுள்ள குளோரைடு பம்பின் எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) உடம்பில் ஊசித்துளை போடும். ஜிஐ பைப்பையும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) எந்த ஆசிட்டிலும் முக்காதீர்கள், துத்தநாகப் பூச்சு போய்விடும். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, ஆசிட் பட்டால் அதிலிருந்தும் விஷவாயு வரும்.

மிஞ்சிய கரைசலில் இடித்த கிளிஞ்சலைப் போட்டு, நுரை அடங்கியபின் கிணற்றை விட்டுத் தள்ளித் தூரத்தில் கொட்டுங்கள்.

பின்சேர்ப்பு: "மோட்டாரைத் தூக்காமல் போருக்குள்ளேயே ஊற்றலாமா?" கூடாது. கேபிளும் ஜாயிண்டும் ஆசிட்டில் நனையும், கிளம்பும் கரியமில வாயு குழிக்குள் தேங்கி எட்டிப் பார்ப்பவரை மயக்கும். கேசிங் (போருக்குள் இறக்கிய குழாய்) துளையே அடைத்திருந்தால், காற்றடித்துச் சுத்தம் செய்யும் கம்ப்ரஸர்காரரைக் கூப்பிடுங்கள்.