வணிகக் கட்டடப் பேனலில் நியூட்ரல் ஒயரின் அளவை முடிவு செய்வது எப்படி?

"மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்டே ஓடாது, சின்ன ஒயர் போதும்" என்று சொல்லித்தான் பலர் இந்தத் தொழிலைக் கற்றுத் தருகிறார்கள். மோட்டாரும் ஹீட்டரும் மட்டுமே இருந்தால் அது சரி. கணினிகளும் எல்.இ.டி. விளக்குகளும் நிறைந்த அலுவலகத்தில் அதே பேச்சு நியூட்ரலை எரித்துவிடும். 400/230 வோல்ட் (இரண்டு ஃபேஸுக்கு இடையே 400, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230), மூன்று ஃபேஸ், நான்கு ஒயர் பேனல், அதாவது மின் பகிர்வுப் பெட்டி, ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று ஃபேஸ் ஒயர்கள் கரண்ட்டைக் கொண்டுவரும், நான்காவதான நியூட்ரல் அது திரும்பும் பாதை.

படி 1: லோடுகளைப் பிரியுங்கள்

நியூட்ரலைத் தொடாத லோடுகளைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். மூன்று ஃபேஸ் மோட்டார்கள் இதில் அடங்கும். விளக்குகள், பிளக் பாயின்ட்டுகள் போன்ற ஒரு ஃபேஸ் லோடுகளை மட்டும் ஃபேஸ் வாரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: சமமின்மையைக் கணக்கிடுங்கள்

ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களில் 100, 80, 60 ஆம்பியர் ஓடுவதாகவும், பவர் ஃபேக்டர் 1 என்றும் (வோல்ட்டேஜும் கரண்ட்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதாக) கொள்வோம். மூன்றின் வர்க்கங்களையும் கூட்டினால் 20,000. இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டினால் 18,800. வித்தியாசம் 1,200, அதன் வர்க்கமூலம் சுமார் 35 ஆம்பியர். நியூட்ரலில் ஓடுவது இவ்வளவுதான்.

ஆனால் 35 ஆம்பியருக்கு ஒயர் வாங்கிவிடாதீர்கள். மாலையில் ஒரு தளம் மூடப்பட்டு ஒய், பி இரண்டும் அணைந்தால், ஆர் ஃபேஸின் 100 ஆம்பியர் முழுவதும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்பும். ஆகவே, அதிக லோடு உள்ள ஃபேஸின் கரண்ட்டே தொடக்கக் கணக்கு.

படி 3: ஹார்மோனிக்கைச் சேருங்கள்

பலர் வழுக்கி விழும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். கணினியின் பவர் சப்ளை கரண்ட்டைச் சீரான அலையாக இழுக்காமல், துண்டு துண்டாக இழுக்கிறது. அதனால் உண்டாகும் மூன்றாம் ஹார்மோனிக் (மூல அலையைப் போல் மூன்று மடங்கு வேகத்தில் துடிக்கும் கூடுதல் அலை) மூன்று ஃபேஸிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவதால், நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காமல் கூடிக்கொள்கிறது.

இன்னொரு பேனலை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஃபேஸிலும் 60 ஆம்பியர், அதில் மூன்றாம் ஹார்மோனிக் 40 சதவீதம் என்றால், 60 × 0.4 × 3 = 72 ஆம்பியர். ஃபேஸ்கள் சமமாகவே இருந்தும் நியூட்ரலில் ஃபேஸை விட அதிகக் கரண்ட்! பிரேக்கர் ஃபேஸில் மட்டும் இருந்தால் இது அதன் கண்ணில் படாது.

படி 4: கேபிளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாக் கோர்களும் (கேபிளுக்குள் இருக்கும் தனித்தனி ஒயர்கள்) ஒரே அளவுள்ள நான்கு அல்லது ஐந்து கோர் கேபிளுக்கு, ஐ.இ.சி. 60364-5-52 என்ற சர்வதேச மின் தரநிலை தரும் வழி இது. மூன்றாம் ஹார்மோனிக் 15 சதவீதம் வரை என்றால் ஃபேஸ் கரண்ட்டை வைத்தே தேர்வு செய்யலாம். 15 முதல் 33 வரை என்றால் ஃபேஸ் கரண்ட்டை 0.86-ஆல் வகுக்க வேண்டும். 33 முதல் 45 வரை என்றால் நியூட்ரல் கரண்ட்டை 0.86-ஆல் வகுக்க வேண்டும். அதற்கும் மேல் என்றால் நியூட்ரல் கரண்ட்டை அப்படியே எடுக்கலாம். படி 3-இல் பார்த்த பேனலில் ஹார்மோனிக் 40 சதவீதம் என்பதால், 72 ÷ 0.86 = சுமார் 84 ஆம்பியர் தாங்கும் கேபிள் தேவை.

16 சதுர மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தாமிர ஃபேஸ் ஒயர்களுக்கு, சில நிபந்தனைகளுடன் நியூட்ரலைக் குறைக்க அதே தரநிலை அனுமதிக்கிறது. அலுவலகப் பேனலில் நான் அதைச் செய்யவே மாட்டேன். இன்றைய லோடு நாளைக்கும் அப்படியே இருக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

படி 5: இணைப்பை இறுக்குங்கள்

நியூட்ரல் பஸ்பாரும் (ஒயர்கள் வந்து சேரும் உலோகப் பட்டை) டெர்மினலும் அதே கரண்ட்டைத் தாங்க வேண்டும். நியூட்ரல் கழன்றால் என்ன ஆகும்? ஒரு ஃபேஸில் 10 ஆம்பியர், இன்னொன்றில் 5 ஆம்பியர் லோடு, மூன்றாவது அணைந்திருக்கிறது என்றால், இரண்டு லோடும் 400 வோல்ட்டில் தொடராக மாட்டிக்கொள்ளும். 10 ஆம்பியர் லோடுக்கு 133 வோல்ட்தான் கிடைக்கும், 5 ஆம்பியர் லோடுக்கு 267 வோல்ட் பாயும். சிறிய லோடு உள்ள கருவிதான் கருகும்.

படி 6: அளந்து பாருங்கள்

கட்டடம் முழு லோடில் இயங்கும் நேரத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்க, ட்ரூ ஆர்.எம்.எஸ். கிளாம்ப் மீட்டரால் (அலை எந்த வடிவில் இருந்தாலும் சரியாக அளக்கும், ஒயரைச் சுற்றிக் கவ்வும் மீட்டர்) நியூட்ரல் கரண்ட்டை அளங்கள். சாதாரண மீட்டர் ஹார்மோனிக் கலந்த கரண்ட்டைக் குறைத்துக் காட்டக்கூடும். அளவைத் தேதியுடன் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். புதிய லோடு சேரும் ஒவ்வொரு முறையும் மறுபடி அளந்து, பழைய அளவோடு ஒப்பிடுங்கள்.