கிம் சோங்சுவின் வாழ்க்கையை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானிய ஆட்சிக்காலக் கொரியாவில் பள்ளி, ஆலை, பத்திரிகை என மூன்றையும் கட்டி நடத்தி, பின்னாளில் தென் கொரியாவின் துணைக் குடியரசுத் தலைவராகவும் இருந்தவர் கிம் சோங்சு. அவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பலர் முதல் வரியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். "கொரியா பல்கலைக்கழகத்தைத் தொடங்கியவர்" என்று எழுதுவார்கள். அவர் தொடங்கவில்லை. 1905-ல் யீ யோங்-இக் தொடங்கிய போசோங் கல்லூரி நெருக்கடியில் இருந்தபோது, 1932-ல் அதை ஏற்று நடத்தினார். 1946-ல் அது கொரியா பல்கலைக்கழகம் ஆனது. ஜுங்காங் பள்ளியும் அப்படித்தான். ஜப்பானில் வாசேதா பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய மறுவருடம், 1915-ல், அதை எடுத்துக்கொண்டார். அவரது திறமையே இதில்தான் இருந்தது என்பது என் எண்ணம். இருப்பதை மூடவிடாமல் காப்பாற்றி, பணம் போட்டு வளர்ப்பது. 'தொடங்கினார்' என்று எழுதிவிட்டால் அது தெரியாமலே போய்விடும்.

அப்புறம் பெயர். கிம் என்பது குடும்பப் பெயர், முன்னால்தான் வரும். அவரது சிறப்புப் பெயர் இன்சோன். அதைப் பார்த்து, விமான நிலையம் இருக்கும் இஞ்சியோன் நகரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அவர் 1891-ல் பிறந்தது தென்மேற்கே, வட ஜொல்லா மாகாணத்துக் கோசாங்கில். குடும்பம் பெரிய நிலக்கிழார் குடும்பம். பிள்ளையில்லாத பெரியப்பாவுக்குத் தத்துப் போனார். பின்னால் அவர் செய்த எல்லாவற்றுக்கும் மூலதனமாக நின்றது நெல் விளைந்த அந்த நிலம்தான். இதைச் சொல்லாமல் 'சுயமாக உழைத்து உயர்ந்த தொழிலதிபர்' என்று எழுதுவது சரியல்ல.

தொழில் என்றதும் தம்பியை மறந்துவிடுகிறார்கள். 1919-ல் கியோங்சோங் நூற்பு நெசவு ஆலையைத் தொடங்கியவர் அண்ணன். அதை நடத்திப் பெரிதாக்கியவர் தம்பி கிம் யோன்சு. ஜப்பானியருக்கு உடந்தையாக இருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949-ல் விசாரணைக் கூண்டில் நின்று விடுதலையானவரும் தம்பிதான். இருவரையும் ஒருவராக்கிவிட்டால் பாராட்டும் பழியும் இடம் மாறிப் போகும்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஜப்பானிய ஆட்சி நடந்த 1910 முதல் 1945 வரையான 35 ஆண்டுகளையும் ஒரே காலமாகப் பார்ப்பது. விடுதலை கேட்டுக் கொரியர்கள் கிளர்ந்த 1919 மார்ச் எழுச்சிக்குப் பிறகு ஜப்பானியர் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அந்த இடைவெளியில்தான் 1920 ஏப்ரல் 1-ஆம் தேதி கிம்மின் டோங்-ஆ இல்போ நாளிதழ் வெளிவந்தது. 1926-ல் கிம் காந்திக்குக் கடிதம் எழுதினார். கொரியா வாய்மையும் அகிம்சையும் கொண்ட வழியில் தன் நிலையை மீட்கட்டும் என்று காந்தி பதில் அனுப்பினார். 'கொரியப் பொருளையே வாங்குவோம்' என்ற இயக்கத்துக்கு நாளிதழ் துணை நின்றது. அதே காலத்தில், 1924 முதல், ஆலை ஜப்பானிய ஆளுநரின் அரசிடம் மானியமும் பெற்றது. இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றதைச் சொல்ல வேண்டாம்.

1936 பெர்லின் ஒலிம்பிக்கில் மாரத்தான் வென்ற சோன் கீ-சோங்கின் படத்தில், மார்பில் இருந்த ஜப்பானியக் கொடியை அழித்து டோங்-ஆ இல்போ வெளியிட்டது. இதழ் சுமார் ஒன்பது மாதம் முடக்கப்பட்டது. இந்தத் துணிச்சலை அப்படியே கிம்மின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அதைச் செய்தது நிருபர் யீ கில்-யோங்கும் ஓவியர் யீ சாங்-போமும் அவர்களோடு இருந்தவர்களும். அவர்கள் சிறைப்பட்டார்கள், வேலை இழந்தார்கள். அந்தப் பெருமை அவர்களுக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

சரி, 1943-க்கு வருவோம். போர் உச்சத்தில் இருந்தபோது, கொரிய மாணவர்கள் ஜப்பானியப் படையில் சேர வேண்டும் என்று கிம்மின் பெயரில் கட்டுரைகள் வந்தன. போருக்கு ஆதரவான அமைப்புகளில் பொறுப்பும் வகித்தார். கட்டுரைகள் அவர் எழுதியவையே அல்ல, பெயர் மட்டும் போடப்பட்டது என்று ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள். 2009-ல் அரசு அமைத்த ஆணையம் அவரை உடந்தையாளர் என்று முடிவு செய்தது. 2017-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தியாகி என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிவிடுகிறார்கள். துரோகி என்று எழுதுகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கி, இதற்கு முந்தைய 28 ஆண்டுகளையும் நடிப்பாக்கிவிடுகிறார்கள். படைக்குப் போன அந்தப் பிள்ளைகளுக்கு வீடு இருந்தது, தாய் தகப்பன் இருந்தார்கள். அதை மறக்காமல் எழுதுங்கள். பள்ளிகள் பிழைத்ததையும் மறக்காமல் எழுதுங்கள்.

கதையை 1945-ல் நிறுத்திவிடுவதும் தவறுதான். நண்பர் சோங் ஜின்-ஊ அந்த டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, கொரிய ஜனநாயகக் கட்சியின் தலைமை கிம்மிடம் வந்தது. 1951-ல் துணைக் குடியரசுத் தலைவரானார். மக்கள் வாக்களித்து அல்ல, நாடாளுமன்றம் தேர்ந்தெடுத்து. குடியரசுத் தலைவர் சிங்மன் ரீ நாடாளுமன்றத்தை மிரட்டி அரசமைப்பை மாற்ற முனைந்தபோது, 1952 மே மாதம் பதவியை விட்டு விலகினார். 1955-ல் காலமானார்.

விருது விஷயத்திலும் ஆண்டுகளைக் கவனியுங்கள். நாட்டை உருவாக்கியவர்களுக்கான விருது அவர் இறந்த பிறகு, 1962-ல் வழங்கப்பட்டது. 2018 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற முடிவெடுத்தது அமைச்சரவை, நீதிமன்றம் அல்ல. கொரியா பல்கலைக்கழகத்தை ஒட்டி அவர் பெயரில் இருந்த இன்சோன்-ரோ சாலையும் அதற்குப் பிறகு பெயர் மாறியது.