சம்பளம் சென்னையில், ஃபைல் இங்கே: ஆசிரியர்கள் விலகிப்போக வைக்கும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழக மையத்திலோ ஒருவர் வேலையை விட்டால் ஆபீசில் ஒரே பதில்தான்: “பெங்களூர்ல அதிகமா குடுக்கிறான் சார்.” ஓசூர் தாண்டினால் 40 கிலோமீட்டரில் பெங்களூரு, அது பாதி உண்மைதான். மீதிப் பாதி நம் மேசை மேலேயே கிடக்கிறது.

கௌரவ விரிவுரையாளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கலைக் கல்லூரிகளில் மாதம் 20,000 ஆக இருந்து 25,000 ஆன தொகுப்பூதியம், அதுவும் 11 மாதத்துக்கு. பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-இல் மாதம் 50,000 வரை தரலாம் என்றது. அதை எந்தக் கல்லூரி முதல்வரும் இங்கே உட்கார்ந்து மாற்ற முடியாது, சரி. ஆனால் மே மாதம் கையில் காசில்லாதவரிடம் ஜூனில் வேலை உண்டா என்றுகூடச் சொல்லாமல் விடுவது நம் தவறு. அவர் வேறு இடத்துக்கு விண்ணப்பம் போடுவது அந்த மே மாதத்தில்தான். ஏப்ரலிலேயே “உங்களுக்கு இந்த ரெண்டு பேப்பர், தயாராகுங்க” என்று சொல்ல அரசாணை எதற்கு?

நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் எங்கே போய்விடுவார்கள் என்ற நினைப்பு அடுத்த தவறு. முனைவர் பட்டம் பெற்ற உதவிப் பேராசிரியர் 4 வருடம் முடித்தால் ஊதிய நிலை 10-லிருந்து 11-க்குப் போகலாம். தொடக்க அடிப்படை ஊதியம் 57,700-லிருந்து 68,900. எனக்குத் தெரிந்த ஒருவரின் சி.ஏ.எஸ். ஃபைல், அதாவது இந்தப் பணி மேம்பாட்டுக்கான ஃபைல், மூன்று முறை திரும்பி வந்தது. முதலில் ஒரு சான்றிதழ் நகல் இல்லை என்றார்கள். கொடுத்தார். அப்புறம் பணிப்பதிவேட்டில் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது என்றார்கள். அதைப் பதிய வேண்டியது செக்சன்தான்! மூன்றாவது முறை புத்தொளிப் பயிற்சி இல்லை என்று வந்தது. பயிற்சிக்கு லீவு கேட்டபோது “தேர்வு நேரம், அப்புறம் பாக்கலாம்” என்று மறுத்ததும் இதே அலுவலகம். மூன்று கேள்வியையும் ஒரே நாளில் கேட்டிருந்தால் ஒரு வருடம் மிஞ்சியிருக்கும். “அரியர்ஸா வந்துடும்ல” என்று சமாதானம் சொன்னார்கள். பணம் வரும்தான். மனுஷன் அதற்குள் மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்துவிட்டார்.

அப்போது செய்ததுதான் உச்சம்: வேறு வேலைக்குப் போகத் தேவையான தடையின்மைச் சான்றை (என்.ஓ.சி.) இழுத்தடித்தார்கள். பிடித்து வைத்தால் இருப்பார் என்று கணக்கு. பார்த்துக்கொண்டிருந்த மற்ற இளையவர்கள் அந்த வாரமே தங்கள் சான்றுக்கு மனு எழுதிக் கொடுத்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று.

நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) வேலை, மாணவர் சேர்க்கை, தேர்வுப் பணி எல்லாவற்றையும் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சேலத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர் இருட்டிய பிறகும் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார். கிளம்பிப் போகிறவரிடம் ஏன் போகிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. நூலகப் புத்தகம் பாக்கி இருக்கிறதா என்று மட்டும் தவறாமல் கேட்கிறார்கள்.