பொதியாக்க ஸ்கிரிப்ட்டில் உரையின் இடைவெளியைக் காக்கும் முறை

கொழும்பில் மென்பொருளைப் பொதியாக்குபவர் (நிறுவத்தக்க ஒரே கோப்பாகக் கட்டுபவர்) சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் விளக்கம் சேர்க்க வேண்டியிருக்கலாம்; அவ்விளக்கம் ஷெல் ஸ்கிரிப்ட்டை, அதாவது ஷெல் என்னும் கட்டளை இயக்கி வாசிக்கும் கட்டளைக் கோப்பைக், கடந்து வரும்போது பத்திப் பிரிப்பும் உள்தள்ளலும் அழிந்து, அனைத்தும் ஒரே வரியாகிவிடுவதுண்டு.

உரையைத் தாங்கும் மாறியை மேற்கோள் குறியின்றி எழுதுவதே முதற்காரணம். அப்போது ஷெல் அதன் உள்ளடக்கத்தை இடைவெளி, டேப், புதுவரி ஆகிய மூன்றிலும் வெட்டுகிறது. உரையை அச்சிடும் எக்கோ கட்டளை அத்துண்டுகளை ஒற்றை இடைவெளியால் இணைத்து அச்சிடுகிறது. பட்டியலுக்காக இட்ட தனி உடுக்குறி (*) இருப்பின், அவ்விடத்தில் கோப்புப் பெயர்களே வந்து அமரும். ஆகவே மாறியை இரட்டை மேற்கோளுக்குள் இடுக.

எக்கோவையும் தவிர்ப்பது நல்லது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையில் ஸ்கிரிப்ட்டுகளுக்கான இயல்பு ஷெல்லான டாஷில் அது பின்சாய்கோட்டுக்கு (\) தனிப்பொருள் கொள்ளும். பாஷ் என்னும் மற்றொரு ஷெல்லில் வழக்கமாகக் கொள்ளாது. வடிவமைத்து அச்சிடும் பிரின்டெஃப் (printf) கட்டளைக்கு வடிவமைப்புச் சரத்தைத் தனியாகவும் உரையை அதன் பின்னரும் கொடுத்தால் இச்சிக்கல் எழாது. வரிவரியாக வாசிக்கையில் வெட்டும் குறிகளைத் தாங்கும் ஐஎஃப்எஸ் (IFS) மாறியை வெறுமையாக்கி, ரீட் கட்டளைக்கு ஆர் (-r) தெரிவைச் சேர்க்க வேண்டும்.

கட்டளையின் வெளியீட்டை மாறியில் ஏற்றும்போது இறுதிப் புதுவரிகள் உதிர்ந்துவிடும்; இதற்கு மேற்கோளும் உதவாது. நீண்ட உரையை மாறியில் ஏற்றாமல் தனிக் கோப்பாகவே வைத்து, கோப்பை அப்படியே வெளியிடும் கேட் (cat) கட்டளையால் சேர்ப்பதே என் விருப்பம். ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுத வேண்டுமாயின் ஒரு முடிவுச் சொல் வரும்வரை உள்ள வரிகளை உரையாகக் கொள்ளும் ஹியர்-டாக் பயன்படும். அதன் முடிவுச் சொல்லை மேற்கோளிட்டால் உள்ளிருக்கும் டாலர் குறிகள் மாறாது. சிறுகோடு சேர்த்த வகை (<<-) வரித்தொடக்க டேப்களை மட்டுமே நீக்கும், இடைவெளிகளை அன்று.

பொதியின் விவரங்களைத் தாங்கும் டெபியனின் கன்ட்ரோல் கோப்பில் விரிவான விளக்கத்தின் ஒவ்வொரு வரியும் ஓர் இடைவெளியுடன் தொடங்க வேண்டும். வெற்று வரிக்கு இடைவெளியும் புள்ளியும் இடுவர். இரண்டோ அதற்கு மேலோ இடைவெளிகளுடன் தொடங்கும் வரி மடிக்கப்படாமல் அப்படியே காட்டப்படும்.

தமிழ் உரையை நெடுவரிசைகளாக அடுக்குவதில் இன்னொரு தொல்லை உண்டு. டாஷ், பாஷ் இரண்டிலும் பிரின்டெஃப் வழக்கமான சரங்களின் அகலத்தைப் பைட்டில் எண்ணும். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் ‘கொழும்பு’ என்னும் நான்கெழுத்துச் சொல்லே 24 பைட் என்பதால் நெடுவரிசைகள் கோணும். கண்ணுக்குத் தெரியாத குறிகளை ஒட்டுமொத்தமாக நீக்கும் ‘துப்புரவு’ வரிகளும் வேண்டாம்: சிங்களத்தில் ‘ஸ்ரீ’ சரியாகத் தோன்றுவதற்கு வேண்டிய அகலமற்ற இணைப்பானையும் அவை விழுங்கிவிடும்.

பொதி உருவானதும் மூலக் கோப்பையும் வெளிவந்த உரையையும், வேறுபாடு காட்டும் டிஃப் (diff) கட்டளை கொண்டு ஒப்பிடுக. டேப்பும் வரியீறும் தெரிய, லினக்ஸில் வழங்கும் குனு கேட் கட்டளைக்குப் பேரெழுத்து டீ (-T), ஈ (-E) தெரிவுகளைக் கொடுக்கலாம். பேரெழுத்து ஏ (-A) தமிழெழுத்துகளையும் புரியாக் குறிகளாக்கிவிடும்.