கல்லூரி புராஜெக்ட்டுக்கு கிரவுட்ஃபண்டிங்: முதலில் வங்கிக் கணக்கு, அப்புறம்தான் வீடியோ

எங்கள் குழுவில் நான்கு பேர். ஏரி நீரின் கலங்கலை அளந்து மணிக்கொருமுறை தகவல் அனுப்பும் மிதவைக் கருவிதான் இறுதியாண்டு புராஜெக்ட். முதல் மாதிரியைத் துறையின் பணத்தில் செய்துவிட்டோம். இன்னும் ஐந்து வேண்டும் என்று போய் நின்றபோது பட்ஜெட் இல்லை என்றார்கள். அப்படித்தான் இந்தப் பக்கம் வந்தோம். முதல் முயற்சி தொடங்கும் முன்பே படுத்துவிட்டது, இரண்டாவதில் இலக்கைத் தொட்டோம். இடையில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். கிரவுட்ஃபண்டிங் என்றால் என்ன என்று விளக்கப் போவதில்லை, இதைத் தேடி வந்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

படி 1: பணம் யார் கணக்கில் விழும்?

எல்லாரும் வீடியோவில் தொடங்குவார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். பக்கம் தயார், வீடியோ தயார், வழிகாட்டிப் பேராசிரியர் வாய்மொழியாகச் சரி சொல்லிவிட்டார். வெளியிடும் பொத்தானை அழுத்தினால், பணம் பெறுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றது தளம். நண்பனின் சொந்தக் கணக்கைக் கொடுத்தோம். பக்கத்தின் தலைப்பிலோ பல்கலைக்கழகத்தின் பெயரும் சின்னமும் இருந்தன. அந்தப் பெயரைப் பயன்படுத்த அனுமதிக் கடிதம் எங்கே என்று பதில் வந்தது.

கடிதம் கேட்டு அலுவலகம் போனால், “எங்கள் பெயரைப் போட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?” என்றார்கள். நியாயமான கேள்விதான். விண்ணப்பம் துறைத் தலைவர், பதிவாளர் அலுவலகம், நிதிப் பிரிவு என்று மூன்று மேசைகளில் ஏறி இறங்குவதற்குள் விடுமுறை வந்துவிட்டது. ஒருவர்கூடப் பணம் கட்டாமலேயே முதல் முயற்சி முடிந்தது.

உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. குழுவில் ஒருவரின் சொந்தக் கணக்கு வேகமானது. ஆனால் பல நாடுகளில் அந்தத் தொகை அவருடைய வருமானமாகக் கருதப்பட்டு வரிக் கேள்வி எழலாம். குழுவுக்குள் மனஸ்தாபம் வந்தால் பணமும் அவரிடமே மாட்டிக்கொள்ளும். பல்கலைக்கழகக் கணக்கில் கொடுப்பவருக்கு நம்பிக்கை வரும், சில இடங்களில் வரிச்சலுகையும் கிடைக்கும். ஆனால் உள்ளே போன பணத்தை வெளியே எடுப்பது தனிக் கலை. ஒரு சென்சார் வாங்கக்கூட விலைப்புள்ளிகள் கேட்டு, கொள்முதல் ஆணை போட்டு, கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

நாங்கள் கடைசியில் பல்கலைக்கழகக் கணக்கைத்தான் எடுத்தோம். எடுக்கும் முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கினோம். வரும் தொகையில் நிர்வாகச் செலவு என்று ஏதாவது பிடிப்பீர்களா? கொள்முதலுக்கு எத்தனை நாள் ஆகும்? நாங்கள் படித்து முடித்துப் போனபின் மீதிப் பணம் யாருடையது? எழுத்தில் என்று சொன்னதை அழுத்திச் சொல்கிறேன், மின்னஞ்சல் போதும். முதல் கேள்விக்கு வந்த பதிலால் இலக்குத் தொகையையே மாற்ற வேண்டியிருந்தது.

இன்னொன்று: உங்கள் பல்கலைக்கழகத்திலேயே முன்னாள் மாணவர் பிரிவு சொந்தமாக ஒரு நன்கொடைத் தளம் நடத்துகிறதா என்று முதலில் பாருங்கள். பல இடங்களில் இருக்கிறது, மாணவர்களுக்குத்தான் தெரிவதில்லை. இருந்தால் மேலே புலம்பியதில் பாதி உங்களுக்குத் தேவையில்லை.

(பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர் பின்னூட்டத்தில் தன் அனுபவத்தைச் சொன்னார். அவர் குழுவின் பணம் பல்கலைக்கழகத்தின் பொதுக் கணக்கில் விழுந்து, எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டதாம். ஆகவே நான்காவது கேள்வி: எங்கள் திட்டத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு கொடுப்பீர்களா? பணம் வருவதற்கு முன்பே கேளுங்கள்.)

படி 2: தளம்

கிக்ஸ்டார்ட்டர் என்ற தளத்தில் இலக்கைத் தொட்டால்தான் பணம், தொடாவிட்டால் யாருடைய அட்டையிலும் கழிக்கமாட்டார்கள். கோஃபண்ட்மீ போன்றவற்றில் வந்த வரைக்கும் நமக்கு. தொடக்கக்காரர்களுக்கு இரண்டாவதுதான் பாதுகாப்பாகத் தெரியும். என் கட்சி முதலாவது. ஐந்து மிதவைக்குப் பணம் கேட்டு ஒன்றரை மிதவைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை மட்டும் முழுசாக இருக்கும். பயணச் செலவு, போட்டிக் கட்டணம் போல, வந்த அளவுக்குப் பயன்படும் தேவை என்றால் இரண்டாவது முறை சரி.

கிக்ஸ்டார்ட்டர் சில நாடுகளிலிருந்து மட்டுமே திட்டங்களை ஏற்கிறது, அறக்கொடை திரட்ட அனுமதிப்பதில்லை. நீங்கள் ஏதாவது ஒன்றைச் செய்து பிறரோடு பகிர வேண்டும். பொருள் எதுவும் இல்லாத தூய ஆராய்ச்சி என்றால், அதற்கென்றே 2012-ல் தொடங்கிய எக்ஸ்பெரிமென்ட் என்ற தளத்தைப் பாருங்கள். அங்கேயும் இலக்கைத் தொட்டால்தான் பணம்.

படி 3: இலக்குத் தொகை

நான் சறுக்கிய இரண்டாவது இடம் இது. நமக்குக் கையில் 1000 வேண்டும், கட்டணங்கள் மொத்தம் 8% என்று வைத்துக்கொள்வோம். (கிக்ஸ்டார்ட்டரின் பங்கு 5%, பணம் செலுத்தும் சேவைக்கு அதற்கு மேல் தனி.) 1000-த்தோடு 8% கூட்டி 1080 என்று எழுதினேன். தவறு. 1080-ல் 8% என்பது 86.40. கையில் வருவது 993.60. கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும்: 1000-ஐ 0.92-ஆல் வகுத்தால் 1087.

அத்தோடு முடியவில்லை. சிலரின் அட்டை கடைசி நேரத்தில் மறுக்கப்படும். கொடுத்தவர்களுக்கு அனுப்பும் பரிசுப் பொருளுக்கும் தபாலுக்கும் செலவு இருக்கிறது. நிர்வாகப் பிடித்தம் இருந்தால் அதுவும். நான் இப்போதெல்லாம் 0.85-ஆல் வகுக்கச் சொல்கிறேன்: 1000-க்கு ஏறக்குறைய 1176. தொடங்கியபின் கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை மாற்ற முடியாது, அதனால் இந்தக் கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். லிப்ரே ஆஃபீஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் போதும். இதற்கென்று விற்கும் திட்டமிடல் செயலிகள் எல்லாம் வீண் செலவு.

படி 4: வீடியோவுக்கு முன் ஒரு நிமிடம்

உங்கள் கருவியில் காப்புரிமை பெறும் எண்ணம் இருந்தால் வீடியோவை இப்போதே வெளியிடாதீர்கள். வேலை செய்யும் விதத்தைப் பொதுவெளியில் காட்டிவிட்டால் அது ‘புதியது’ என்ற தகுதியை இழக்கலாம். அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு, ஐரோப்பாவில் பொதுவாக அதுவும் இல்லை. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் கண்டுபிடிப்பின் உரிமையிலும் நிறுவனத்துக்குப் பங்கு இருக்கும். வழிகாட்டியிடம் கேட்டுவிடுங்கள். மனிதர்களை வைத்து ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் முன்கூட்டியே வேண்டும்.

சரி, வீடியோ. கைபேசி போதும், சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று மட்டும் வாங்குங்கள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் கேட்காவிட்டால் மூடிவிடுவார்கள். இரண்டு நிமிடத்துக்குள் முடியுங்கள். தொகுக்க ஷாட்கட் என்ற மென்பொருள் இலவசம், எனக்குப் பிடித்ததும் அதுதான். முதல் பத்து விநாடிக்குள் கருவி தண்ணீரில் மிதப்பதைக் காட்டினோம். பல்கலைக்கழகக் கட்டடத்தைக் காட்டித் தொடங்கிய பழைய வீடியோவை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

படி 5: பரிசுகள்

டி-ஷர்ட் வேண்டாம். அளவு கேட்டு, அச்சடித்து, தபாலில் அனுப்பி முடிப்பதற்குள் தேர்வு வந்துவிடும். நாங்கள் கொடுத்தவை மூன்றே: நன்றிப் பட்டியலில் பெயர், அளவீடுகள் முழுவதையும் தரவிறக்கும் வசதி, கொஞ்சம் அதிகம் கொடுப்பவருக்கு மிதவையின் மேலேயே பெயர். மூன்றாவதுதான் முதலில் தீர்ந்தது.

பெயர் ஒரு பரிசா என்று சிரிக்காதீர்கள். 1885-ல் சுதந்திர தேவி சிலையின் பீடத்துக்குப் பணம் போதாமல் வேலை நின்றபோது, ஜோசப் புலிட்சர் தன் ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழில் நிதி கேட்டார். எவ்வளவு சிறிய தொகையானாலும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவதாக வாக்களித்தார். ஐந்தே மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலரைவிடக் குறைவு.

படி 6: தொடங்கும் நாளுக்கு முன்

அந்நியர்கள் காலியான உண்டியலில் போடமாட்டார்கள். முதல் இரண்டு நாளில் யார் கொடுப்பார்கள் என்ற பட்டியல் முன்பே கையில் இருக்க வேண்டும். நால்வரும் ஆளுக்கு இருபது பெயர் எழுதினோம்: சீனியர்கள், பழைய ஆசிரியர்கள், உறவினர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினோம். குழுச் செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் வரும், பணம் வராது. அதையும் செய்து பார்த்துத்தான் சொல்கிறேன்.

கிக்ஸ்டார்ட்டரில் 60 நாள் வரை வைக்கலாம், 30 போதும். பணம் பெரும்பாலும் முதல் சில நாளிலும் கடைசி சில நாளிலும்தான் வரும். நடுவில் ஒரு பாலைவனம் உண்டு. எங்களுக்கு ஒன்பது நாள் தொடர்ந்து எதுவுமே வரவில்லை, நான் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துச் சோர்ந்துபோனேன். அந்த நாட்களுக்கென்று இரண்டு புதிய செய்திகளை ஒதுக்கி வைத்திருங்கள். எங்கள் மாதிரி மிதவையில் தண்ணீர் புகுந்து மூழ்கிய கதையை எழுதிய அன்றுதான் வரத்து மறுபடி தொடங்கியது.

படி 7: பணம் வந்தபின்

பிரசாரம் முடிந்த மறுநாளே பணம் வராது. கிக்ஸ்டார்ட்டரில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும், பல்கலைக்கழகக் கொள்முதல் அதற்குப் பிறகுதான். அந்த நாட்களையும் சேர்த்து, சமர்ப்பிக்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கும் நாளை முடிவு செய்யுங்கள்.

மாதம் ஒருமுறை கொடுத்தவர்களுக்கு எழுதுங்கள், தாமதம் என்றால் தாமதம் என்றே. அப்புறம், இதைப் பலர் மறக்கிறார்கள்: பட்டம் வாங்கியதும் பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்படலாம். பிரசாரக் கணக்கு அந்த முகவரியில் இருந்தால் உள்ளேயே நுழைய முடியாது. குழுவுக்கென்று பொது முகவரி ஒன்றைத் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடவுச்சொல் இப்போது அடுத்த ஆண்டு மாணவி ஒருவரிடம் இருக்கிறது. நான்காவது மிதவையின் பேட்டரியை மாற்றப் போவதும் அவர்தான்.